பாத்துச்சொல்லுவின் மல்லாட்டைக் கொல்லை

செஞ்சிக் கோட்டையை எத்தனையோ ராஜாக்கள் பிடித்தார்கள், விட்டார்கள். ஆனால் ஒரு கேள்விக்குக்கூட நேராகப் பதில் சொல்லாமல் செஞ்சியில் காலம் தள்ளியவர் ஒரே ஒருவர்தான். எதைக் கேட்டாலும் "பாத்து சொல்லு" என்பார். அதுவே அவருக்குப் பெயராகிவிட்டது.

"சாப்டியாய்யா?" என்றால் வயிற்றைக் காட்டி, "பாத்து சொல்லு." "மழை வருமா?" என்றால் வானத்தைக் காட்டி, "பாத்து சொல்லு." பஸ் ஸ்டாண்டில் ஒருவர், "இந்த பஸ் திண்டிவனம் போவுதா?" என்று இவரிடம் கேட்டுவிட்டு, ஏறி உட்கார்ந்து பார்த்து, திருவண்ணாமலையில் போய் இறங்கியதாகக் கடைத்தெருவில் சொல்வார்கள்.

அறுபதுகளில் அந்தக் கடைத்தெருவில்தான் என் இரும்புக் கடை. நான் கூச்ச சுபாவம். விலைக்கு மேல் ஒரு வார்த்தை பேச நாக்கு எழாது. ஒருநாள் அவர் வந்து களைக்கொத்து கேட்டார். எடுத்து வைத்தேன்.

"இவ்ளோ பெருசு வேணாம். சின்னக் கைக்கு அடங்குற மாதிரி சின்னப் பிடியா போட்டுக் குடு."

ஒன்றல்ல, ஒரு சாக்கு நிறைய. அவருக்கோ பிள்ளை குட்டி கிடையாது. பிறகு யாருக்கு? கேட்க வாய் வரவில்லை. கேட்டாலும் என்ன பதில் வரும் என்று தெரியும். சனிக்கிழமை மத்தியானம், சரக்கு கொடுக்கப் போகிறவன்போல் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய், மலையடியில் இருந்த அவர் கொல்லை வேலிக்கு வெளியே நின்றேன்.

உள்ளே ஒரு பள்ளிக்கூடமே குனிந்து கொத்திக்கொண்டிருந்தது.

விசாரித்ததில் தெரிந்தது இதுதான். மற்ற கொல்லைக்காரர்கள் குரங்கையும் பிள்ளைகளையும் ஒரே கவணால் விரட்டுவார்கள். இவர், மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, திருட வந்த பிள்ளைகளுக்குப் படலைத் திறந்துவிட்டார். "பூ மேல பூக்குது, கொட்டை ஏன் மண்ணுக்குள்ள இருக்குது?" என்று அவர்கள் கேட்டார்கள். இவர் வழக்கமான பதிலைச் சொன்னார். அவர்களும் தினம் ஆளுக்கொரு செடியைப் பிடுங்கிப் பார்த்தார்கள். பார்த்த செடியை மரியாதையாகத் திருப்பி நட்டும் வைத்தார்கள். கேள்விப்பட்ட வாத்தியார் வகுப்பையே ஓட்டிக்கொண்டு வந்துவிட்டார். செங்கல் துண்டு கிடைத்தால், ராஜா காலத்துச் செங்கலா, போன வருஷத்துச் செங்கலா என்று அங்கே பெரிய சண்டை நடக்கும்.

அறுவடை வந்தது. அவர் சம்சாரம் கேட்டார்: "இன்னாய்யா, மல்லாட்டை புடுங்க ஆள் சொல்லட்டுமா?"

இவர் கொல்லையைக் காட்டி, "பாத்து சொல்லு" என்றார்.

அந்தம்மா பார்த்தார். பிடுங்குவதற்கு எதுவும் பாக்கியில்லை. பிந்தி விதைத்த ஒரு மூலை மட்டும் பூவும் பிஞ்சுமாக நின்றது.

"இது எங்க நைனா எனக்குக் குடுத்த நெலம். பக்கத்து ஊரு வல்லத்துக்காரருக்குக் குத்தகை வுட்டுடப் போறேன். நீ உன் பசங்கள இட்டுகினு கோட்ட மேல போய்ப் பாரு, போ!"

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிணற்றடிக்குப் போனார்.

வல்லத்துக்காரர் வந்த அன்றும் நான் வேலியில் இருந்தேன். அவர் காலடியால் நிலத்தை அளந்துகொண்டிருந்தார். பிள்ளைகள் அந்த மூலையில் குப்புறப் படுத்திருந்தார்கள். இனி பிடுங்காமல் பார்க்க வேண்டும் என்று வாத்தியார் உத்தரவாம். விரட்டப் போன அந்தம்மாவின் சேலையை ஒரு சிறுமி பிடித்து இழுத்தாள்.

"அத்தே, மிதிக்காத! எறங்குது!"

"இன்னாடி எறங்குது?"

பூ வாடிய இடத்திலிருந்து ஊசிபோல ஒரு விழுது மண்ணைப் பார்த்து இறங்கியிருந்தது.

"உள்ள போயி இன்னா பண்ணும் அத்தே?"

வாழ்நாளெல்லாம் மல்லாட்டைக்குக் களையெடுத்தவருக்கு அது தெரியாதா? சொல்லத்தான் வாயைத் திறந்தார். கிணற்றடியில் புருஷன் துண்டைத் திருகிக்கொண்டு நின்றது கண்ணில் பட்டது. வாயை மூடிக்கொண்டு, செடியோரம் உட்கார்ந்தார்.

"பாத்து சொல்லுடி."

"ஏம்மா, நான் ஏர் கட்டட்டுமா, வேணாமா?" என்றார் வல்லத்துக்காரர்.

அந்தம்மா தலையைத் திருப்பவில்லை. படுத்திருந்த பிள்ளைகளைக் கைகாட்டி, "நீயே பாத்து சொல்லு" என்றார்.

அவர் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

அதன்பின் அந்தக் கொல்லையில் பாதி விளைந்தது, பாதி படித்தது. வெளியூர்ப் பள்ளிக்கூடங்களும் வர ஆரம்பித்தன. தங்க ஒரு கொட்டகை எழும்பியது. பாத்துச்சொல்லு மறுபடியும் சாக்கோடு என் கடைக்கு வந்தார். பழையபடி சின்னப் பிடிகள். அவற்றோடு பெரிய பிடி போட்டது ஒன்று.

எனக்கே தெரியாமல் வாய் திறந்துவிட்டது. "இது யாருக்குங்க?"

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். வேலிக்கு வெளியே நின்றவனை அவர் எப்போதோ பார்த்துவிட்டிருக்கிறார்.

"புடிச்சிப் பாத்து சொல்லு."

பிடித்தேன். என் கைக்குச் சரியாக இருந்தது.

அவர் போய்ப் பல வருஷமாகிறது. சனிக்கிழமை மத்தியானம் என் கடை இப்போதும் சாத்தித்தான் இருக்கும்.