தவறே நடக்காத வார்டு

ஐந்து தாதியர் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தியும் வாயைத் திறக்கவில்லை.

“பயப்படாதீங்க லா. இந்த வாரம் வேலையில நடந்த ஒரு தப்பு, இல்ல நடக்கப் பார்த்த ஒரு தப்பு. சொன்னா தண்டனை கிடையாது. எல்லாரும் அதுலேர்ந்து கத்துக்கலாம், அவ்வளவுதான்,” என்றார் பயிற்சியாளர் ஹேமநாதன்.

“எங்க வார்டுல தப்பு நடக்கிறதில்ல,” என்றார் வார்டின் தலைமைத் தாதி மீனலோசனி.

சும்மா சொல்லவில்லை. அவருடைய தாத்தா காஹாங் தோட்ட ஆஸ்பத்திரியில் காயத்துக்குக் கட்டுப் போட்டு மருந்து கொடுக்கும் டிரெஸராக இருந்தவர். தாயார் தலைமைத் தாதியருக்கெல்லாம் மேலான மேட்ரனாக ஓய்வு பெற்றவர். அந்தக் குடும்பத்தின் கையால் ஒரு மாத்திரை ஆள் மாறிப் போனதாக ஜொகூரில் எவரும் சொன்னதில்லை. சொல்ல விட்டதுமில்லை.

கூட்டம் கலைந்ததும் ஹேமநாதன் அவரைத் தனியே அழைத்தார்.

“சிஸ்டர், மத்த வார்டுல எல்லாம் பேசுறாங்க. இங்க மட்டும் வாய்ப்பூட்டு. ஆளுங்க பேசலன்னா தலைமை சரியில்லன்னு மேலிடம் முடிவு கட்டிடும். அடுத்த தடவையும் இப்படின்னா உங்கள லினன் ஸ்டோருக்கு மாத்திடுவாங்க.”

லினன் ஸ்டோர்! மூன்று தலைமுறையாக நோயாளியின் நாடி பிடித்த கை, போர்வை மடிப்பதா?

மீனலோசனி வார்டுத் தாதி ரூபினியைக் கூப்பிட்டார்.

“அடுத்த கூட்டத்துல நீ ஒரு தப்பு சொல்லணும்.”

“என்ன தப்பு சிஸ்டர்?”

“கட்டிலோட தடுப்புக் கம்பியைத் தூக்கிவிட மறந்துட்டேன்னு சொல்லு.”

“நான் மறக்கலியே!”

“மறந்ததா சொல்லு. வார்டு மானம் உன் வாயில இருக்கு.”

அடுத்த கூட்டத்தில் ரூபினி எழுந்தாள். “ஆறாவது கட்டில் வெள்ளையம்மாவுக்குக் கம்பியைத் தூக்கிவிட மறந்துட்டேன். நல்லவேளை, அவங்க விழல.”

ஹேமநாதனின் முகம் மலர்ந்தது. அவர் கை தட்டுவதற்குள் மீனலோசனி எழுந்துவிட்டார்.

“கம்பியைத் தூக்கலியா? அந்தம்மா விழுந்து இடுப்பு ஒடிஞ்சா யாரு பதில் சொல்றது? உன்னை எல்லாம் யாரு வேலைக்கு எடுத்தா?”

“அலமாக்! சிஸ்டர், நீங்கதானே...”

“எதிர்த்துப் பேசாதே!”

ஹேமநாதன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “இப்பத்தான் புரியுது, ஏன் யாரும் வாயைத் தொறக்கலன்னு. இனி ஒரே வழிதான் சிஸ்டர். நாளைக்கு நீங்களே முதல்ல உங்க தப்பைச் சொல்லுங்க. மேட்ரனும் வந்து உட்காருவாங்க.”

வீட்டில் மீனலோசனி சோற்றைப் பிசைந்தபடியே இருந்தார்.

“என்ன, ஒரு தப்புக்கூட ஞாபகம் வரலியா?” என்றார் கணவர் சோமசேகரம். “என்னைக் கேட்டா நான் சொல்வேனே.”

“வேலையில செஞ்ச தப்பைக் கேக்கிறாங்க.”

“அப்போ பொய்தான் சொல்லணும்.”

“எங்க குடும்பத்துல பொய் சொல்ற பழக்கமில்ல.”

“லினன் ஸ்டோருக்குப் போற பழக்கமும் இல்லியே?”

மறுநாள் மேட்ரன் அன்னலட்சுமி முன்வரிசையில் இருந்தார். மீனலோசனி முதுகு வளையாமல் எழுந்து நின்றார். குளியலறையில் நின்று கற்பனை செய்து, மனப்பாடம் பண்ணிக்கொண்டு வந்ததை ஒப்பித்தார்.

“போன வாரம், நாலாவது கட்டில் பாட்டிக்கு, பக்கத்துக் கட்டில் அம்மாவோட பிரஷர் மாத்திரையைத் தெரியாமக் கொடுத்திட்டேன். அவங்க வாயில போடறதுக்குள்ள எடுத்தாச்சு.”

தாதியர் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ரூபினி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஹேமநாதன் கை தட்டினார். மேட்ரன்கூட மெல்லத் தலையசைத்தார்.

மீனலோசனிக்கு மூச்சு வந்தது. ஒரு சின்னப் பொய். குடும்ப மானம் பிழைத்தது. தலை நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“பாத்தீங்களா? தலைமை பேசினா எல்லாருக்கும் தைரியம் வரும்,” என்றார் ஹேமநாதன். “அடுத்து யாரு?”

வேலைக்குச் சேர்ந்து சில மாதமே ஆன லோஷினி, நெஞ்சில் கை வைத்தபடி எழுந்தாள்.

“அப்பாடா! உங்களுக்கே தெரியும்னா சரி சிஸ்டர். இனிமே தினமும் எங்கள்ல ஒருத்தி உங்க பின்னாலேயே வந்து, நீங்க மாத்திக் கொடுக்கிற மாத்திரையை எல்லாம் நோயாளி கையிலிருந்து பிடுங்க வேணாம்லா?”