அக்கா வீட்டு வயல்

நிறையப் படித்தவனை அரசு அலுவலர் முன்னால் தனியாக நிற்க விடக் கூடாது. வாயைத் திறப்பான். நான் திறந்தேன், அக்காவின் வீடு வயலாகிவிட்டது.

அக்கா மலையாள நாட்டு மட்டாஞ்சேரிக்கு வாழ்க்கைப்பட்டுப் போனவள். அரிசிக் கிடங்குகளுக்குப் பின்னால் இருந்த அவள் வீடு வெள்ளத்தில் விழுந்தது. முதலில் சுவர்கள், கூரை மரியாதைக்குக் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு அதுவும் உட்கார்ந்தது. அரசாங்கம் புது வீடு கட்டித் தரும், அதற்கு முன் வில்லேஜ் ஆபீசர் இடத்தைப் பார்க்க வேண்டும் என்றார்கள். அவர் வரும் அன்று அத்தானுக்குக் கிடங்கில் வேலை; நகராட்சித் துப்புரவுப் பணியிலிருந்த அக்காவுக்கும் விடுப்பு கிடைக்கவில்லை. (வீடு போனவள் ஊரார் வீட்டுச் சேற்றை அள்ளப் போனாள். இதை யாரும் விசித்திரமாக நினைக்கவில்லை.)

மதுரையிலிருந்து உதவிக்கு வந்திருந்த என்னிடம், "எடா தம்பி, சார் வந்தா இடத்தக் காட்டு. சும்மா நில்லு. பேசாத," என்றாள்.

சும்மா நிற்பதா? தமிழ் இலக்கியம் படித்தவன் நான். தமிழை மூக்கால் பேசினால் மலையாளம் என்பது அன்றைய என் ஆராய்ச்சி முடிவு.

ஆபீசர் குடையோடு வந்து சிமெண்டுச் சந்தில் நின்றார். இந்தப் பக்கம் அரிசிக் கிடங்கு, அந்தப் பக்கம் மிளகுக் கிடங்கு. பத்திரமெல்லாம் தண்ணீரோடு போய்விட்டதால் வாயால் கேட்டார்.

"இது நிலமாணோ, புரயிடமாணோ?"

புரயிடம் என்றால் புறம்போக்கு என்று முடிவுகட்டிப் பதறினேன்.

"ஐயோ, நிலம் தன்னே சாரே! ஒந்நாந்தரம் நிலம்!" நிலமேதான், முதல் தரம் என்றேன்.

"ஒறப்பாணோ?" உறுதிதானா என்கிறார்.

"ஒறப்பு!" என்று சிமெண்டை உதைத்தே காட்டினேன். அவர் போனதும் வெற்றிக் களிப்பில் ஒரு சாயா குடித்தேன்.

வீடு கிடையாது என்று பதில் வந்தது.

"நிலம்னா இங்க நெல்லு வயலுடா, மண்டூகமே!" அக்கா கத்தினாள். "வயல்ல வீடு கட்டக் கூடாதுன்னு சட்டம். புரயிடம்னாத்தான் வீட்டு மனை. உன்னப் பேசாதன்னுதானே சொன்னேன்!"

நான் படித்த நிலம் ஐந்து வகை. இவர்கள் நான்கைத் தள்ளிவிட்டு மருதத்தை மட்டும் வைத்துக்கொண்டிருப்பது எனக்கு எப்படித் தெரியும்?

அலுவலகத்துக்கு ஓடினேன். "சாரே, அவிடெ எவிடெயா நெல்லு?"

"நிங்ஙள் தன்னெயல்லே பறஞ்ஞது?" நீங்கள்தானே சொன்னீர்கள் என்கிறார்.

"நீங்க நின்னது சிமெண்டுல சார்!" கோபத்தில் என் மலையாளம் மொத்தமும் (இரண்டரை வாக்கியம்) தொலைந்திருந்தது.

"அது எனிக்கறியாம்," என்றார் அமைதியாக. அது எனக்குத் தெரியும்.

அந்த "அறியாம்" இன்றும் எனக்கு ஆறவில்லை. எனக்கு மொழி தெரியவில்லை, முட்டாள், ஒப்புக்கொள்கிறேன். அவருக்குக் கண் தெரிந்தது. ஊரைச் சுற்றி நிஜ வயல்களில் மண்ணைக் கொட்டி மாடி மாடியாக எழுப்புகிறவர்களிடம் எவரும் குடை பிடித்துப் போய் இந்தக் கேள்வியைக் கேட்பதில்லை. நாட்டின் நெல் உற்பத்தி முழுவதும் ஒரு துப்புரவுத் தொழிலாளியின் இடிந்த நான்கு சுவருக்குள்தான் அடங்கியிருந்தது போலும்!

வயல் மறுபடியும் மனையாக இரண்டு மழைக்காலம் பிடித்தது. அக்காவும் அத்தானும் தார்ப்பாய்க்கு அடியில் கிடந்தார்கள். ஒவ்வொரு அலுவலகத்திலும், "யாரு வயல்னு சொன்னது?" என்று கேட்டார்கள். ஒவ்வொரு முறையும் அக்கா என்னைக் கைகாட்டினாள். நானும் நின்றேன். பேசவில்லை.

கடைசியில் வீடு வந்தது. சந்தின் சாக்கடையைத்தான் யாரும் தொடவில்லை. ஆண்டுதோறும் மழைத் தண்ணீர் புது வாசற்படிவரை ஏறுகிறது. ஏறிய உடனே மதுரையில் என் போன் அடிக்கும். பின்னால் அத்தான் சிரிப்பது கேட்கும். அக்கா சிரிக்க மாட்டாள்.

"பண்ணையாரே, நம்ம வயல்ல தண்ணி பாய்ஞ்சாச்சு. நாத்து எப்போ கொண்டு வர்ற?"