பாத்திக்கு ஒரு பணிக்குழு

மண்ணைக் காப்பாற்றக் கூட்டம் கூடுகிறவர்கள் என்றொரு இனம் உண்டு. நீங்களும் பார்த்திருப்பீர்கள். சப்பாத்தில் மண் ஒட்டியிருக்கிறதா என்று நியூசிலாந்தின் ஆக்லாந்து விமான நிலையத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாலும் ஒரு பொட்டு அகப்படாது. மண் முழுவதும் பேச்சில்தான்.

பிரணவி அந்த இனத்தில் முதல் தரம். ஐரோப்பிய மண்ணின் நலத்தை மீட்கும் கூட்டாய்வில் சேர்ந்து, ஸ்பெயினில் ஒரு பட்டறை, போலந்தில் ஒரு கருத்தரங்கு, அவை இரண்டையும் ஒருங்கிணைக்க டென்மார்க்கில் இன்னொரு கூட்டம் என்று அலைந்து, மண்புழுவை எப்படி எண்ணுவது என்பதில் எல்லா நாடுகளும் ஒத்துப்போவதற்குள் அந்தப் புழுக்கள் பேரன் பேத்தி எடுத்துவிட, ஒருவழியாக ஆக்லாந்தின் கிளென் ஈடனில் இருக்கும் அம்மா வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். பழக்கம் விடுமா? பின்வளவில் இருந்த ஒரே பாத்தியை ‘வாழும் ஆய்வகம்’ என்று அறிவித்தாள். அம்மாவும் தம்பி கீதனும் பங்காளர்கள். கலந்து பேசாமல் யாரும் மண்வெட்டியைத் தொடக்கூடாது.

அம்மாவின் கவலையோ தக்காளி. ஆகஸ்டிலிருந்து யோகட் டப்பாக்களில், சமையலறை யன்னலோரம், பிள்ளை போல வளர்த்த கன்றுகள். ஒக்டோபர் கடைசியில் வரும் லேபர் டே விடுமுறைக்குள் நட்டாக வேண்டும். தவறினால் கோடை முழுக்கக் கடைத் தக்காளிதான்.

அந்த விடுமுறைத் திங்கட்கிழமை பின்னேரம் கன்றுகளைக் கழற்றி, வேர் தெரியப் பாத்தியோரம் அடுக்கினாள் அம்மா.

“பிள்ளை, நடட்டே?”

“பொறுங்கோ அம்மா. எவ்வளவு ஆழம் எண்டு ஐரோப்பாக்காரரோட ஒருக்காக் கதைச்சிட்டு வாறன்.”

“ஏன் அக்கா, தக்காளிக்கும் விசா எடுக்கோணுமோ?” என்றான் கீதன்.

மடிக்கணினி தோட்டத்துக்கு வந்தது. ஐரோப்பாவில் அப்போது காலைக் காப்பி நேரம். திரைக்குள் தற்செயலாக நுழைந்த அம்மாவைக் கண்டதும் அத்தனை முகங்களும் மலர்ந்தன. உண்மையான தோட்டக்காரர்! இவர் கருத்தென்ன? பிரணவி மொழிபெயர்த்தாள். அம்மாவிடம் இத்தனை பேர் ஒரே நேரத்தில் கருத்துக் கேட்டதே கிடையாது. சுவெட்டரை இழுத்துவிட்டுக்கொண்டு கதிரையில் அமர்ந்தாள். சாம்பலில் தொடங்கி, சாணத்தைக் கடந்து, பக்கத்து வீட்டுத் தவராசா இரவல் வாங்கித் திருப்பித் தராத வாளி வரைக்கும் போனாள். நெதர்லாந்து குறிப்பெடுத்தது. இத்தாலி மறுத்தது. அம்மா விடவில்லை.

காற்று எழுந்தது.

“அம்மா, வேர் காயுது. நான் நடுறன்.”

“பொறடா! கதைச்சுக்கொண்டெல்லே இருக்கிறம்!” குரல்கள் இரண்டு, தொனி ஒன்று.

கீதன் கையிலிருந்த தண்ணீர்க் குழாயைக் கீழே போட்டுவிட்டு உள்ளே போய்விட்டான்.

கூட்டம் இனிதே முடிந்தபோது கன்றுகள் பழைய கீரைக்கட்டாகத் துவண்டு கிடந்தன. பிரணவி ஒன்றைத் தூக்கினாள். அது அவள் விரலில் மடிந்து தொங்கியது. அம்மாவின் முகத்தைப் பார்க்க அவளுக்குத் துணிவு வரவில்லை. அம்மா இன்னொன்றை எடுத்துப் புரட்டிப் பார்த்தாள்.

பிறகு சொன்னாள்: “இதை அடுத்த கூட்டத்தில கட்டாயம் கதைக்கோணும். அந்த இத்தாலிப் பெட்டைக்கு நல்லாக் குடுக்கிறன்.”

“ஓம் அம்மா,” என்று பிரணவி தேதி குறித்தாள்.

சிரிக்கிறீர்களா? நல்லது. ஆனால் செய்யவேண்டிய வேலையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இவ்வளவு தூரம் படித்து வந்தது யார்? இதைப் பற்றி ஒரு கருத்துச் சொல்லலாமே என்று இப்போது வாயைத் திறக்கிறீர்கள் பாருங்கள், அந்த இனத்தைத்தான் சொன்னேன்.