மூடி போட்ட வாய்க்கால்

அமைதியாக இருக்க வேண்டிய இடங்களில் எனக்கு வாய் சும்மா இருக்காது. கல்யாண வீடென்றால் பரவாயில்லை. அங்கே யார் சொல்வதையும் யாரும் கேட்பதில்லை. சாவு வீட்டில்தான் ஆபத்து. ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்தால், ஆறுதலாக ஒரு சொல்லைத் தேடுவேன். அகப்படாது. அகப்படுவதெல்லாம் விக்டோரியா காலத்து ரயில் பாதைகள்தான்.

நான் பொறியியலாளன் அல்ல. ஒரு மரக்கறிக் களஞ்சியத்தில் கணக்குப் பார்ப்பவன். எங்கள் வரவேற்பறையில் நான் ஆணி அடித்து மாட்டிய படம் இன்றும் ஒரு பக்கம் சரிந்துதான் தொங்குகிறது (மனைவி அதை நிமிர்த்த விடமாட்டாள், வருகிறவர்களுக்குக் காட்ட வேண்டுமாம்). ஆனால் உயரத் தொப்பியும் சேறு அப்பிய சப்பாத்துமாய்ப் படத்துக்கு நின்ற அந்தக் காலத்துப் பொறியியலாளர்களைப் பார்த்தால் எனக்குச் சொந்தப் பெரியப்பாமாரைப் பார்ப்பது போலிருக்கும். எந்தத் தண்டவாளம் எவ்வளவு அகலம், எந்தக் கம்பெனி எதோடு சண்டை பிடித்தது, எந்தப் பாலம் யாருடைய கணக்குப் பிழையால் விழுந்தது என்பதெல்லாம் தெரியும். அடுத்த ரயில் எத்தனை மணிக்கு என்பது மட்டும் தெரியாது.

இந்த வியாதியோடு நான் என் மாமனாரின் செத்தவீட்டுக்குப் பொறுப்பெடுத்த ஒரே ஒரு வேலையைப் பற்றித்தான் எழுதப் போகிறேன்.

மாமா, அதாவது என் மனைவி வசந்தியின் அப்பா, லண்டனில் கிங்ஸ்பரியில் எங்களோடுதான் இருந்தார். அவருடைய ஒரே தம்பி பாரிசில். நான் அவரைச் சின்ன மாமா என்பேன். சகோதரர் இருவரும் நேரில் கண்டு பல வருடங்கள். ஆனால் ஒவ்வொரு நாள் பின்னேரமும் போனில் சண்டை பிடிப்பார்கள். முருங்கைக்காய் பாரிசின் லா சப்பல் கடைகளில் நல்லதா, கிங்ஸ்பரிக் கடைகளில் நல்லதா என்று ஒரு முழுக் குளிர்காலம் சண்டை நடந்தது. மாமாவுக்குச் சிறுநீரக வருத்தம், பயணம் செய்ய முடியாது. சின்ன மாமாவோ அடைபட்ட இடம் எதற்குள்ளும் போகமாட்டார். விமானம் ஏறமாட்டார், கடலுக்குக் கீழே ஓடும் ரயிலிலும் ஏறமாட்டார். ஏனென்று நான் கேட்டதில்லை. சிலருக்குக் கத்தரிக்காய் ஒத்துவராது, இவருக்குச் சுரங்கம் என்று நினைத்துக்கொண்டேன்.

மாமா போன செய்தி கேட்டதும், கப்பலில் வந்தால் நேரம் காணாது என்று, சின்ன மாமா அந்த ரயிலில் ஏறிவிட்டார்.

லண்டனில் சுடலைக்கும் அப்பொயின்ட்மென்ட்தான். நமக்குக் கொடுத்த நேரம் முடிவதற்குள் வாசலில் அடுத்த பெட்டி வந்து நிற்கும். முதலில் மண்டபத்தில் கிரியை. அங்கே வாய்க்கரிசி போட்டுப் பெட்டியை மூடினால் பிறகு யாருக்காகவும் திறக்கமாட்டார்கள். அதற்கு முன் சின்ன மாமாவைக் கொண்டுவந்து சேர்ப்பது என் வேலை. காலையில் வசந்தி வீங்கிய கண்களோடு வந்து சொன்னாள்.

"சித்தப்பாவுக்கு நிலத்துக்குக் கீழ போறது ஏலாது. பஸ்ஸில கூட்டிக்கொண்டு வாங்கோ. விளங்குதோ?"

"ஓம், ஓம்."

"நான் என்ன சொன்னனான்?"

"பஸ்."

பரீட்சையில் நான் பாஸ். விடையைப் பின்பற்ற வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை.

செயின்ட் பாங்க்ரஸ் நிலையத்தில் சின்ன மாமா வெளியே வந்தபோது முகம் சாம்பல் நிறமாக இருந்தது. பெரிய கறுப்புக் கோட்டு. வலக்கையில் ஒரு எலுமிச்சம்பழம். கடலுக்குக் கீழே வந்த நேரம் முழுவதும் அதை மணந்துகொண்டே வந்திருக்கிறார். நான் கையைப் பிடித்தேன். அவர் ஒன்றும் பேசவில்லை. நானும் பேசவில்லை. என் வாழ்க்கையின் மிக நீண்ட மௌனம் அது, ஒரு பத்து அடி தூரம் நீடித்திருக்கும். அப்போது அவர், மரியாதைக்கு, அண்ணாந்து பார்த்து ஒரு கேள்வி கேட்டார்.

"இந்தக் கூரை பழசோ, தம்பி?"

(ஐயோ, சின்ன மாமா. அதைக் கேட்டிருக்கக் கூடாது.)

ஒரு தூண்கூட இல்லாமல் ஒரே வளைவாக எழும்பும் கூரை, கட்டிய காலத்தில் உலகத்திலேயே அகலமானது என்றேன். வளைவின் இரண்டு கால்களும் விலகாமல் நம் பாதத்துக்குக் கீழே இரும்பால் இழுத்துக் கட்டியிருக்கிறார்கள் என்றேன். கீழ்த்தளத்துத் தூண்களின் இடைவெளியை பியர்ப் பீப்பாய்களின் அளவை வைத்துத்தான் தீர்மானித்தார்கள் என்றேன். அண்ணனைப் பறிகொடுத்து வந்த மனிதர் பியர்ப் பீப்பாய் பற்றிக் கேட்டுத் தலையாட்டினார்.

"நேரத்துக்குப் போயிடுவமோ?" என்று மட்டும் கேட்டார்.

இந்த இடத்தில் நான் பஸ் தரிப்பிடத்துக்குத் திரும்பியிருந்தால் இந்தக் கட்டுரை இல்லை. ஆனால் நாங்கள் நின்ற இடத்துக்குப் பக்கத்திலேயே, உலகத்தின் முதல் நிலத்தடி ரயில் ஓடிய பாதை. பஸ்ஸில் போனால் சனிக்கிழமை நெரிசல். அந்தப் பாதை ஆழமான சுரங்கமே இல்லை என்பது என் நெடுநாள் கட்சி. வசந்திக்குத்தான் பொறியியல் விளங்காது.

படிக்கட்டின் தலைப்பில் சின்ன மாமா நின்றுவிட்டார். "இது கீழயோ போகுது?"

"கொஞ்சம்தான் மாமா. பஸ் எண்டால் பிந்திப் போயிடுவம். இதில போனால் முன்னுக்கே போய் நிக்கலாம்."

அவர் எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்துக்கொண்டு இறங்கினார். நேரத்துக்குப் போய்ச் சேர்வதற்காக இறங்கினார். அது எனக்கு அப்போது விளங்கவில்லை. என் விளக்கத்தின் வெற்றி என்று நினைத்தேன்.

முதலில் வந்த வண்டியில் ஏறினோம். பேக்கர் ஸ்ட்ரீட்டில் மாற வேண்டும். அதற்குச் சற்று முன்னால், இருட்டுக்குள், வண்டி நின்றது. சிவப்பு சிக்னல். லண்டனில் இது தும்மல் மாதிரி, யாரும் நிமிர்ந்துகூடப் பார்க்கமாட்டார்கள். ஆனால் சின்ன மாமாவின் நெற்றியில் முத்து முத்தாக வியர்த்தது. கண்களை மூடிக்கொண்டார். ஆறுதல் சொல்ல வேண்டிய நேரம். நான் சொன்னேன்.

"மாமா, பயப்படாதேங்கோ. இது சுரங்கமே இல்லை. மலையைக் குடையிற மாதிரிக் குடையேல்ல. வீதியைத் தோண்டி ஒரு வாய்க்கால் வெட்டினவங்கள். ரெண்டு பக்கமும் சுவர். அதுக்கு மேல மூடி. மூடிக்கு மேல மண்ணைப் போட்டு மெத்தி விட்டவங்கள். அவ்வளவுதான். மூடி போட்ட வாய்க்கால்!"

அவர் கண் திறக்காமல் கேட்டார். "மூடிக்கு என்ன போட்டவங்கள்?"

என்ன அருமையான கேள்வி! "செங்கல் வளைவு, மாமா. வளைவு வைக்க உயரம் காணாத இடத்தில இரும்பு உத்தரம்."

"நாங்கள் பனைமரக் குத்தி போட்டனாங்கள்."

"எதுக்கு?"

"தம்பி," என்றார், "நீர் சொல்லுறதைத்தான் நாங்கள் பங்கர் எண்டு சொல்லுறனாங்கள்."

எதிரே இருந்த பெண் பத்திரிகையின் பக்கத்தைத் திருப்பிய சத்தம் கேட்டது.

"ஒருக்கா ஷெல் விழுந்து குத்தியெல்லாம் இறங்கிப் போச்சு. உள்ளுக்க நான். அண்ணை வெறுங்கையால கிண்டி எடுத்தவர். மண்வெட்டி போட்டால் என்ர தலையில படுமெண்டு, கையால. நகம் ஒண்டும் மிஞ்சேல்ல." மூச்சு வாங்கினார். "அந்தக் கையை ஒருக்காப் பிடிச்சிட்டுப் போவம் எண்டுதான் கடலுக்குக் கீழால வந்தனான்."

மாமாவின் நகங்கள் எனக்குத் தெரியும். எல்லாம் கோணல் மாணலாக, அரைகுறையாக வளர்ந்திருக்கும். கல்யாணமான புதிதில் கேட்டேன். "கதவுக்குள்ள நசிஞ்சது" என்றார். பத்து விரலும் ஒரே கதவுக்குள் எப்படி நசியும் என்று கேட்கும் புத்தி எனக்கு வரவில்லை. ஒன்றரை நூற்றாண்டுப் பழைய பாலத்தின் விரிசலைப் பார்த்துக் காரணம் சொல்லக்கூடியவன், ஒரே வீட்டில் இருந்த மனிதரின் கையைப் பார்க்கவில்லை.

பேக்கர் ஸ்ட்ரீட்டில் கதவு திறந்ததும் அவர் இறங்கினார். இறங்கியதும் மேடையில் கிடந்த வாங்கில் உட்கார்ந்துவிட்டார். எங்களுக்கு மேலே ஆதிகாலத்துச் செங்கல் வளைவுகள். நான் வருடக்கணக்காக யாத்திரை போகும் இடம். முதல் தடவையாக அவற்றைப் பார்க்காமல் குனிந்து சப்பாத்தைப் பார்த்தேன். இன்னொரு வண்டியில் ஏறுவது என்ற பேச்சுக்கே இடமில்லை. படிகளில் ஒவ்வொன்றாக ஏற்றி வெளியே கொண்டுவந்ததும் வசந்தியின் அழைப்பு வந்தது.

"எங்க நிக்கிறியள்?"

"பேக்கர் ஸ்ட்ரீட்."

மிகவும் மெதுவாக அவள் கேட்டாள்: "கீழயோ, மேலயோ?"

"இப்ப மேல," என்றேன்.

அந்த 'இப்ப'விலேயே அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. போனை வைத்துவிட்டாள்.

டாக்சி ஒன்றை மறித்தேன். நாங்கள் ஏறி, அது நகர்ந்ததும் கதவுகள் தாமாகப் பூட்டிக்கொண்டன, 'கிளிக்' என்று. சின்ன மாமா கைப்பிடியைப் போட்டு இழுத்த இழுப்பில் சாரதி பயந்து எங்களை அடுத்த முனையிலேயே இறக்கிவிட்டார். "ஆக உயரமாப் போறது எதெண்டாலும் சரி" என்றார் சின்ன மாமா. ஆகவே பஸ். மேல்தட்டு, முன் இருக்கை. காலையில் வசந்தி சொன்ன அதே பஸ், இப்போது ஊர்வலம் போல ஊர்ந்துகொண்டிருந்தது.

எங்கள் செத்தவீடுகளில் கமரா கட்டாயம். கனடாவிலும் ஆஸ்திரேலியாவிலும் இருப்பவர்கள் பார்க்க நேரலை ஓடும். மண்டபத்தில் நேரம் முடிந்துகொண்டிருந்தது. நான் போனை எடுத்து அந்த நேரலையைப் போட்டேன்.

"போனில பாக்கிறதெண்டால் நான் பாரிசிலயே இருந்திருப்பனே, தம்பி," என்றார். கோபமே இல்லை. கோபப்பட்டிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும்.

திரையில் குருக்கள் வழக்கத்தைவிட நிறுத்தி நிறுத்தி மந்திரம் சொல்லிக்கொண்டிருந்தார் (எங்களுக்காக இழுத்தடிக்க வைத்தது வசந்தி). கறுப்புக் கோட்டு அணிந்த அலுவலர் மணிக்கூட்டைப் பார்த்தார். பிறகு இன்னொருமுறை பார்த்தார். ஆட்கள் வரிசையாக வாய்க்கரிசி போட்டார்கள். பஸ் ஒரு சிவப்பு விளக்கில் நின்றது.

"கையைக் காட்டச் சொல்லும்," என்றார் சின்ன மாமா.

வசந்திக்கு அடித்தேன். "கையை," என்று மட்டும்தான் சொல்ல முடிந்தது. நேரலையில் அவள் கமராக்காரரின் முழங்கையைப் பிடித்துத் திருப்புவது தெரிந்தது. படம் ஆடியது, பூக்கள் மேல் ஓடியது, பிறகு நின்றது. மார்பின் மேல் மடித்து வைத்த இரண்டு கைகள். அந்த நகங்கள்.

பஸ் நகர்ந்து குலுங்கியதில் படம் ஆட்டம் கண்டது.

"நேராப் பிடி," என்றார் சின்ன மாமா.

இரண்டு கைகளாலும் பிடித்தேன். அவர் ஒரு விரலை நீட்டித் திரையில் வைத்தார். வைத்ததும் படம் நின்றுவிட்டது. தொட்டால் நிற்கும் என்பது அவருக்குத் தெரியாது. நான் சொல்லவில்லை. அவர் விரலை எடுத்து, நான் திரும்ப ஓடவிட்டபோது மூடி போட்டாயிற்று.

வழியில் விக்டோரியா காலத்து ரயில் பாலம் ஒன்றின் அடியால் போனோம். நான் ஒரு வார்த்தை பேசவில்லை என்பதை இங்கே பதிவு செய்துகொள்கிறேன்.

மண்டபத்தை விட்டு நேரே சுடலையில் போய் நாங்கள் இறங்கியபோது எங்கள் ஆட்கள் ஒரு கதவால் வெளியே வந்துகொண்டிருந்தார்கள். மறு கதவால் அடுத்த பெட்டி உள்ளே போய்க்கொண்டிருந்தது. வசந்தி என்னைப் பார்க்கவில்லை. சித்தப்பாவைக் கட்டிப்பிடித்து அழுதாள். நான் குப்பைத் தொட்டிக்குப் பக்கத்தில் நின்றேன். எனக்குப் பொருத்தமான இடம்.

பின்னேரம் வீட்டில் சோறும் சொதியும். யாரும் என்னோடு கதைக்கவில்லை. அப்போது சின்ன மாமா திடீரென்று கையிலிருந்த சோற்றைக் கீழே வைத்துவிட்டு, கண்ணை அகல விரித்து, என் குரலிலேயே ஆரம்பித்தார்.

"நான் சாகக் கிடக்கிறன். மூச்சு வருகுதில்ல. மூடிக்கு என்ன போட்டவங்கள் எண்டு கேட்டால், இவன் சொல்லுறான், 'செங்கல் வளைவு, மாமா!' எண்டு. அதோட விட்டானோ? 'உயரம் காணாத இடத்தில இரும்பு உத்தரம்!'"

முதலில் யாரும் சிரிக்கவில்லை. பிறகு வசந்தியிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. அழுகை என்று நினைத்து எழுந்தேன். சிரிப்பு. அப்பா போன பிறகு அவள் சிரித்த முதல் சிரிப்பு, வாயைப் பொத்திக்கொண்டு, கண்ணீர் வழிய. முழு வீடும் என்னைப் பார்த்துச் சிரித்தது. சின்ன மாமா மட்டும் சிரிக்கவில்லை. சோற்றைத் திரும்பப் பிசைந்துகொண்டிருந்தார்.

அவர் பாரிசுக்குக் கப்பலில் போனார். என் கோட்டுப் பையில் அந்த எலுமிச்சம்பழம் கிடந்தது. எப்போது போட்டார் என்று தெரியாது.

இன்று எங்கள் வீட்டில் நான் எங்கே போகப் புறப்பட்டாலும் பிள்ளைகள் கேட்பது ஒன்றுதான். "அப்பா, மூடி போட்டதோ, போடாததோ?" உறவினர் வீட்டுக் கல்யாண மண்டபத்துக்கு வழி சொன்னால்கூட, "அவர் சொன்ன வழியில போனால் நேரத்துக்குச் சேரமாட்டம்" என்று வசந்தி மற்றவர்களை எச்சரிப்பாள்.

பின்னேரத்தில் போன் அடிக்கும். மாமாவுக்கு அடித்த அதே நேரம். சண்டை பிடிக்க இப்போது சின்ன மாமாவுக்கு நான்தான் இருக்கிறேன். அன்று பஸ்ஸில் 'நீர்' போய் வந்த 'நீ', பிறகு மாறவே இல்லை. வணக்கம், சுகம் எதுவும் கிடையாது.

"எங்க நிக்கிறாய்? கீழயோ, மேலயோ?"

"மேலதான் மாமா."

போன கிழமை அவருக்கு இருமல் அதிகமாக இருந்தது. பேச்சை மாற்ற நான் முந்திக்கொண்டு கேட்டேன். "நீங்கள் எங்க மாமா, கீழயோ, மேலயோ?"

அவர் இருமி முடித்தார்.

"இப்போதைக்கு மேலதான்," என்றார். "முருங்கைக்காய் அங்க என்ன மாதிரி?"