ஆறு பேர், ஒரு கேள்வி

"போன வருஷம் கேள்வி நேரம் எவ்வளவு?" என்று கேட்டார் இயக்குநர்.

"பதினஞ்சு நிமிஷம் சார்."

"எத்தனை கேள்வி வந்தது?"

"ஒண்ணு சார்."

"பரவாயில்லையே! யார் கேட்டது?"

"நான்தான் சார். ஏசியைக் கொஞ்சம் குறைக்கட்டுமான்னு கேட்டேன்."

இயக்குநர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். அவர் கண்ணாடியைக் கழற்றி, எதிரில் நிற்பவருக்கு நல்லது நடந்ததாகச் சரித்திரம் இல்லை.

எதிரில் நின்றவரை அந்த ஆய்வுக் கழகத்தில் எல்லோரும் 'அழைப்பிதழ்' என்றுதான் கூப்பிடுவார்கள். இயற்கை அறிவியலில் பெரிய காரியம் செய்த ஒருவருக்கு ஆண்டுதோறும் விருது கொடுத்து, எல்லாத் துறைக்காரர்களுக்கும் முன்னால் பேச வைக்கும் சொற்பொழிவுத் தொடர் அங்கே நடந்துவந்தது. பத்தொன்பது வருடமாக அதற்கு அழைப்பிதழ் அச்சடிப்பவர், நாற்காலி போடுபவர், மைக்கைத் தூக்கிக்கொண்டு ஓடுபவர் எல்லாம் இவர்தான்.

"விருதை ஏற்படுத்தினவர் என்ன எழுதி வச்சிருக்கார்னு தெரியுமில்ல? பேசறவரோட துறையில இல்லாத ஒருத்தராவது எழுந்து கேள்வி கேக்கணும். மூணு வருஷமா ஒருத்தரும் வாயைத் திறக்கல. இந்தத் தடவை அறக்கட்டளைத் தலைவியம்மா முன்வரிசையில வந்து உட்காரப் போறாங்க. இப்பவும் கொட்டாவிதான்னா தொடரை மூடிடுவாங்க."

"மூடிட்டா நான் சார்?"

"மண் மாதிரிக் கிடங்குல ஆள் இல்லையாம்."

கிடங்கு அடித்தளத்தில் இருந்தது. மூவாயிரம் கண்ணாடிச் சீசாக்களில் மூவாயிரம் வகை மண். பேச்சுத் துணைக்கும் மண்தான். கடைசி வரிசைக்குப் பின்னால் நின்றபடி அழைப்பிதழ் கேட்ட சொற்பொழிவுகள் பத்தொன்பது. முழுதாகப் புரிந்தது ஒன்றுகூட இல்லை. ஆனால் நட்சத்திரம் எப்படிப் பிறக்கிறது, திமிங்கிலம் எப்படித் தூங்குகிறது என்று அரைகுறையாகக் காதில் விழுந்ததை வீட்டுக்குப் போய் மனைவியிடம் சொல்வதில் அவருக்கு இருந்த சந்தோஷம், வேறு எதிலும் இருந்ததில்லை. அதை விட்டுவிட அவருக்கு மனமில்லை.

இந்த வருடம் விருது பெறுகிறவர் முப்பது ஆண்டுகள் பாசியையே ஆராய்ந்த ஒரு அம்மையார். மறுநாள் காலை, அழைப்பிதழ் உரைச் சுருக்கத்தை மனைவிக்குப் படித்துக் காட்டினார். மனைவி பெரிய ஆஸ்பத்திரியில் தீவிர சிகிச்சைப் பிரிவு நர்ஸ். டூட்டிக்குக் கிளம்பும் அவசரத்தில் தலைமுடியைக் கொண்டை போட்டுக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார்.

"சில பாசி வருஷக்கணக்கா காஞ்சு சருகாக் கிடக்குமாம். தண்ணி பட்டா கொஞ்ச நேரத்துல பச்சையாயிடுமாம்."

கொண்டை பாதியில் நின்றது. "அப்போ காஞ்சு கிடக்கும்போது அதுக்கு உயிர் இருக்கா, இல்லையா? இருக்குன்னா எதை வச்சுச் சொல்வாங்க?"

அழைப்பிதழ் வாயைப் பிளந்தார்.

"என்னங்க அப்படிப் பாக்கறீங்க? வார்டு வாசல்ல நிக்கறவங்க தினம் என்கிட்ட கேக்கறதுதான். எனக்கே சரியாச் சொல்லத் தெரியல. அந்தம்மா என்ன சொல்றாங்கன்னு மறக்காம கேட்டுட்டு வாங்க."

கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்தது. அழைப்பிதழ் அந்தக் கேள்வியை அப்படியே ஒரு சீட்டில் எழுதிக்கொண்டு, நேராகப் பொருளாதாரப் பேராசிரியரிடம் போய், விழாவில் இதைக் கேட்கச் சொன்னார்.

"கேக்கறேன். ஆனா எனக்கு அன்னைக்கு அஞ்சு மணிக்கு வேற கூட்டம் இருக்கு. பாதியில எழுந்து போனாலும் போயிடுவேன்" என்றார் அவர்.

பாதியில் போகிற ஆளை நம்பி இறங்க முடியாது. அதே கேள்வியை இன்னொரு சீட்டில் எழுதிச் சட்டப் பேராசிரியரிடம் கொடுத்தார். வெளியே வந்த பிறகுதான், விளக்கை அணைத்த மறுநிமிடம் சட்டம் தூங்கிவிடும் என்று ஞாபகம் வந்தது. அதனால் இசைத் துறைத் தலைவர். இசைத் துறைத் தலைவருக்கு மைக்கைக் கண்டால் தொண்டை கட்டும். அதனால் தத்துவம். தத்துவத்துக்கு ஞாபக மறதி. அதனால் கட்டடக்கலை. எதற்கும் இருக்கட்டும் என்று வரலாறு.

சாயங்காலத்துக்குள் ஆறு பேரிடம் ஆறு சீட்டு. ஒருவரைப் பற்றி இன்னொருவரிடம் அவர் மூச்சு விடவில்லை. எல்லோரிடமும் ஒரே நிபந்தனைதான்: "வேற யாரும் கேக்கலேன்னா மட்டும் நீங்க கேளுங்க."

விழா அன்று அம்மையார் கணவரோடு வந்து இறங்கினார். குட்டையான உருவம். எதிரில் வந்த எல்லோரையும் பார்த்துச் சிரித்தார். கைப்பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் வந்த கணவர், அழைப்பிதழைத் தனியே ஓரம் கட்டினார்.

"தம்பி, பக்கத்துல எங்கயாவது பட்டன் மாதிரிச் சின்ன பேட்டரி கிடைக்குமா?"

அழைப்பிதழ் பெரியவரின் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். இந்தத் தலைபோகிற நேரத்தில் இது வேறா!

"விழா முடிஞ்சதும் நானே வாங்கித் தரேன் ஐயா. அரங்கத்துல பெரிய சுவர்க் கடிகாரமே இருக்கு."

பெரியவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் திரையில் படம் தலைகீழாக விழுகிறது என்று குரல் வரவும், அழைப்பிதழ் ஓடிவிட்டார்.

உரை நன்றாகவே நடந்தது. முடிந்ததும் இயக்குநர் எழுந்து, "கேள்விகள் கேட்கலாம்" என்றார்.

ஆறு பேரும் கொடுத்த வாக்கைக் காப்பாற்றினார்கள். வேறு யாராவது கேட்கிறார்களா என்று சுற்றுமுற்றும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஒரு நிமிடம் போயிற்று. சுவர்க் கடிகாரத்தின் சத்தம் கேட்டது. தலைவியம்மா குறிப்பேட்டை மூடினார். இயக்குநர் கண்ணாடியைக் கழற்றினார்.

அழைப்பிதழின் கண்முன் மூவாயிரம் சீசாவும் வரிசையாக வந்து நின்றன. பக்கவாட்டுக் கதவருகே போய், பொருளாதாரத்தைப் பார்த்துக் கைக்குட்டையை ஆட்டினார். கைக்குட்டை எல்லோருக்கும் தெரிந்தது; தன்னைத்தான் கூப்பிடுகிறார் என்று ஒவ்வொருவரும் நினைத்தார். ஆறு பேரும் ஒரே நேரத்தில் எழுந்தார்கள்.

இயக்குநர் முகமெல்லாம் சிரிப்பாக, ஒவ்வொருவராகக் கேட்கும்படி கையால் காட்டினார்.

பொருளாதாரம் தன் துறையின் பெருமையை இரண்டு நிமிடம் சொல்லிவிட்டுக் கேட்டது: "காய்ந்து கிடக்கும்போது அதற்கு உயிர் இருக்கிறதா? இருந்தால் எதை வைத்துச் சொல்கிறீர்கள்?"

அம்மையார் அவர் உட்காரும் வரை பொறுமையாகப் பார்த்துக்கொண்டிருந்தார். "நல்ல கேள்வி. நான் வேலைக்குச் சேர்ந்த அன்னைக்கு நல்ல மேசையெல்லாம் மத்தவங்க எடுத்துக்கிட்டாங்க. எனக்குக் கிடைச்சது ஒரு ஈரமான மூலை. அந்தச் சுவர்ல பாசி இருந்தது. வேற வேலை இல்லாததால அதைப் பாக்க ஆரம்பிச்சேன்."

சபை கைதட்டியது. அடுத்து சட்டம், சான்று என்றால் என்ன என்று விளக்கிவிட்டுக் கேட்டது: "காய்ந்து கிடக்கும்போது அதற்கு உயிர் இருக்கிறதா?"

அழைப்பிதழ் மைக்கை வாங்கிக்கொண்டு தலையைக் குனிந்துகொண்டார். குட்டு உடைந்தது என்றே நினைத்தார். ஆனால் ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. பேராசிரியர்கள் அடுத்தவர் கேள்வியைக் கேட்பதில்லை. தங்கள் முறை எப்போது வரும் என்று காத்திருப்பார்கள். மீதி நாலு பேரும் சீட்டைப் பார்த்து முணுமுணுத்துக்கொண்டிருந்தார்கள்.

"நல்ல கேள்வி" என்றார் அம்மையார், அதே சிரிப்போடு. "ஒரு தடவை, 'செத்துவிட்டது'ன்னு எழுதி ஒரு டப்பாவை அலமாரியில போட்டேன். பதினோரு வருஷம் கழிச்சு அலமாரிக்குள்ள மழைத்தண்ணி ஒழுகிச்சு. திறந்து பாத்தா டப்பா முழுக்கப் பச்சை. அன்னையிலிருந்து அந்த வார்த்தையை நான் பேனாவால எழுதறதில்ல. பென்சில்தான்."

அழைப்பிதழ் மனைவிக்காக அதை உள்ளங்கையில் எழுதிக்கொண்டார். வீட்டுக்கு எடுத்துப் போக வேண்டிய பதில் கிடைத்துவிட்டது.

இசை கேட்டது, தத்துவம் கேட்டது, கட்டடக்கலை கேட்டது. ஒரே கேள்விக்கு ஒவ்வொரு முறையும் புதுப் பதில் வந்தது. "இதனால என்ன பிரயோஜனம்னா, தெரியல. தெரியாததைத் தெரியலன்னு சொல்ல ஒரு ஆள் வேணுமில்ல?" என்றார் ஒன்றுக்கு. கடைசியாக வரலாறு கேட்டதற்கு, "நல்ல கேள்வி. முப்பது வருஷமா வீட்டுக்கு வெள்ளையடிக்க விடாம இருந்தேன். பொறுத்துக்கிட்ட என் கணவருக்கு நன்றி" என்றார். வரலாறு அதையும் பயபக்தியோடு எழுதிக்கொண்டது.

தலைவியம்மா மேடைக்கே வந்துவிட்டார். "ஒரே கேள்வியை ஆறு துறைகளும் கேட்டதை நான் கவனித்தேன். ஒவ்வொரு துறைக்கும் தனித்தனியாகப் பதில் சொன்னாரே, அதுதான் மேதைமை! துறைகள் ஒன்றையொன்று செவிமடுக்க வேண்டும் என்பதே எங்கள் நிறுவனரின் கனவு. அது இன்றுதான் நனவானது. தொடர் தொடரும்!"

இயக்குநர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். அழைப்பிதழ் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

தேநீர் மேசையருகே அம்மையாரின் கணவர் தனியாக நின்றிருந்தார். அழைப்பிதழ் ஓடிப்போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "ஐயா, உங்க வீட்டம்மா என் வேலையையே காப்பாத்திட்டாங்க. உங்க வாட்ச்சுக்கு பேட்டரி இதோ இப்பவே வாங்கிட்டு வரேன்."

"வாட்ச்சுக்கா? இவ காது மெஷினுக்குக் கேட்டேன் தம்பி, ரயில்லயே தீர்ந்துபோச்சு" என்றார் பெரியவர். "எங்க போனாலும் யாரும் கேள்வி கேக்கறதில்லன்னு, சும்மா நிக்கக் கூடாதேன்னு இவ ஆறு பதிலை மனப்பாடம் பண்ணி வச்சிருப்பா. இன்னைக்குத்தான் ஆறையும் சொல்ல முடிஞ்சுது. பின்னால உட்கார்ந்ததுல எனக்கும் ஒண்ணும் சரியா விழல. அது சரி, அவங்கல்லாம் என்னதான் கேட்டாங்க?"