ஜீப்பைத் துரத்திய கெட்டியண்ணன்

போக்குவரத்துத் துறையின் சோதனை ஜீப்பைப் பார்த்ததும் சந்துக்குள் வண்டியைத் திருப்பும் லாரி டிரைவர்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். ஹார்ன் அடித்துக்கொண்டே ஜீப்பைத் துரத்தி, முந்திப் போய் மறித்து, "சாரே, நம்ம லோடை ஒண்ணு நோக்கணும்" என்று கெஞ்சும் டிரைவர் இந்தப் பூமியில் ஒரே ஒருத்தர்தான். கெட்டியண்ணன்.

திருவனந்தபுரத்தில் ஒரு லாரி கம்பெனியில் நான் வேலைக்குச் சேர்ந்து அன்று நாலாவது நாள். எஞ்சினியரிங் முடித்த பெண், வேலை கற்றுக்கொள்ளட்டும் என்று அவருடைய டிரெய்லரில் ஏற்றி அனுப்பியிருந்தார்கள். பக்கப் பலகை கிடையாது, வெறும் தட்டு. அதன்மேல் பெல்ட் போட்டு இறுக்கிக் கட்டிய இரும்பு உத்திரங்கள். பைபாஸில் ஜீப்பை மறித்ததும் அதிகாரி வெலவெலத்து இறங்கினார். கொள்ளைக் கூட்டம் என்று நினைத்திருப்பார். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

"எந்தா காரியம்?"

"ஒண்ணுமில்ல சாரே. அந்த பெல்ட்டைப் பிடிச்சு ஒரு இழு இழுங்க."

அதிகாரி இழுத்தார். அசையவில்லை. "எல்லாம் ஓகே. போ."

"நல்லா இழுங்க சாரே. காலையில சாப்பிடலியா?"

"தனிக்கு வட்டுண்டோ?" உனக்குப் பைத்தியமா என்பதை இவ்வளவு மனப்பூர்வமாக ஒருவர் கேட்டு நான் பார்த்ததில்லை.

அந்த நிமிஷம்தான் எனக்கு யோசனை பளிச்சென்று வந்தது. எத்தனை எடைக்கு எத்தனை பெல்ட் என்று ஒரு எக்செல் ஷீட் போட்டுக் கொடுத்தால் இந்த மனிதரின் ஜீப் பித்து தெளிந்துவிடும்! அன்று மாலையே போட்டேன். அவர் அதை வாங்கி மடித்து, கேபினில் ஆடிக்கொண்டிருந்த ஜன்னல் கண்ணாடிக்கு முட்டுக் கொடுத்தார்.

"கெட்டினவன் கண்ணுக்கு அவன் கெட்டு அழகாத்தான் தெரியும் எஞ்சினியரம்மா. வேற ஒருத்தன் கண்ணு வேணும்லா?"

பெயர்க் காரணம் சொல்லிவிடுகிறேன். மலையாளத்தில் கெட்டு என்றால் கட்டு. தமிழில் கெட்டி என்றால் உறுதி. மார்த்தாண்டத்துக்காரரான அவர் வாயில் இரண்டும் ஒன்றே. "லோடு கெட்டியோ?" என்று யார் கேட்டாலும் "கெட்டி, கெட்டி" என்பார். கட்டியாச்சு என்கிறாரா, உறுதி என்கிறாரா, தன் பெயரைச் சொல்கிறாரா, யாருக்கும் தெரியாது.

ஒரே மாதத்தில் எனக்கும் அந்த பாஷை ஒட்டிக்கொண்டது. மதுரை வாடிக்கையாளருக்கு "லோடு கெட்டாச்சு, கிளம்புது" என்று வாட்ஸப் அனுப்பினேன். அடுத்த நொடி போன்.

"என்னம்மா இது? கெட்டுப்போச்சா? இரும்பு எப்படிம்மா கெடும்? மீனா அது?"

விளக்கிச் சொல்லியும் அவருக்கு நம்பிக்கை வரவில்லை. இனி ஒவ்வொரு லோடுக்கும் கிளம்பும் முன் போட்டோ வேண்டும் என்றுவிட்டார்.

இதற்குள் முதலாளியின் பொறுமையும் தீர்ந்துவிட்டது. ஜீப்புக்கு ஜீப் நின்றால் வண்டி எப்போது போய்ச் சேரும்? கெட்டியண்ணனைக் கூப்பிட்டார். "இனி ஒரு தடவை நீயா போய் ஜீப்பை நிறுத்தினா, சாவியை மேசையில வச்சிட்டு ஊரைப் பாத்துப் போயிரு." அண்ணன் பையிலிருந்த சாவியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். ஜீப்பைத் துரத்துபவர் என்று பெயரெடுத்தவரை வேறு எந்தக் கம்பெனி வண்டியில் ஏற்றும்? முதலாளி என் பக்கம் திரும்பினார். "நீ கூடப் போ. இவன் நிறுத்தாம பாத்துக்கோ."

மறுநாள் மதுரை லோடு. அண்ணன் பேப்பர் வாங்க ஆபீசுக்குள் போயிருந்தார். நான் போட்டோ எடுக்கப் போனால், கேபினுக்குப் பின்னால் முதல் பெல்ட்டின் அடியில், உத்திரத்தின் விளிம்பில், அழுக்குப் பிடித்த ஒரு டயர் துண்டு. படத்தில் பார்க்கச் சகிக்கவில்லை. என் ஷீட்டிலும் டயர் துண்டு கிடையாது. பெல்ட்டைத் தளர்த்தி, துண்டை உருவி, இறுக்கி, அழகாகப் படம் எடுத்தேன். திரும்ப வைக்க வேண்டும் என்றுதான் நினைத்தேன். அண்ணன் ஹார்ன் அடித்தார். ஏறிவிட்டேன்.

வழியில் ஒரு ஜீப் தெரிந்தது. "அண்ணே, அந்தப் பக்கம் பாருங்க, என்ன பெரிய ஆலமரம்!" என்றேன். அங்கே இருந்தது மொபைல் டவர். ஜீப் பின்னால் போயிற்று. அது மறையும்வரை அண்ணன் பக்கக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே வந்தார். விழிஞ்ஞம் தாண்டியதும் வண்டியை ஓரம் கட்டி, சாலையோரம் மீன் விற்றுக்கொண்டிருந்த அம்மாவிடம் போனார்.

"சேச்சி, அந்த பெல்ட்டைப் பிடிச்சு ஒரு இழு இழுங்களேன்."

"மீன் வாங்குவியா?"

"வாங்குதேன்."

அந்த அம்மா ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வந்தார். முதல் பெல்ட்டையே பிடித்தார். இழுக்கவில்லை. குனிந்து பார்த்தார்.

"அய்யோ மோளே, இது பாதி அறுந்துல்லா கெடக்கு!"

நானும் குனிந்தேன். இரும்பு விளிம்பு பெல்ட்டைக் கத்தி மாதிரி அறுத்திருந்தது. அதற்கு நேர் முன்னால், ஒரு கை தூரத்தில், நாங்கள் இருவரும் உட்கார்ந்திருந்த சீட். பெல்ட் அறுந்து பிரேக் போட்டால் உத்திரங்கள் பாய்வது அங்கேதான்.

"டயர் துண்டு எங்க?" அண்ணன் தனக்குத்தானே கேட்டார். "நான் வச்சேன்லா? வைக்கலியா?" வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்து மறுபடி அதையே கேட்டார். தன் கையையே சந்தேகப்பட ஆரம்பித்துவிட்டார் அந்த மனிதர்.

"அண்ணே... நான்தான் எடுத்தேன். போட்டோவுக்காக."

திட்டுவார் என்று நின்றேன். என்னை மேலும் கீழும் பார்த்தார். "படம் நல்லா வந்துச்சா?" என்றார்.

அதைவிட நாலு அறை விட்டிருக்கலாம்.

மாற்று பெல்ட் வண்டியில் இல்லை. அதிகாரி எழுதிக் கொடுத்தால் ஒழிய, வண்டியை நிறுத்திப் போட முதலாளி விடமாட்டார். அப்போது எதிர்ச் சாரியில் இன்னொரு சோதனை ஜீப் வந்தது. அண்ணன் ஓரடி எடுத்து வைத்தார். சாவி ஞாபகம் வந்திருக்க வேண்டும், நின்றுவிட்டார். நான் நிற்கவில்லை. சாலைக்கு நடுவில் ஓடி இரண்டு கையையும் தூக்கினேன். அன்று பைபாஸில் மறித்த அதே அதிகாரி! என்னைப் பார்த்ததும், "ஈஸ்வரா, இப்ப ரெண்டு பேராச்சா!" என்று தலையில் கை வைத்தார்.

புது பெல்ட் வரும்வரை வண்டி நகரக் கூடாது என்று எழுதிக் கொடுத்தார். லோடு ஒரு நாள் தாமதம். திரும்பி வந்ததும் முதலாளி மேசைமேல் கையை நீட்டினார். அண்ணன் சாவியை எடுத்தார்.

"சார், ஜீப்பை அவர் நிறுத்தலை. நான் நிறுத்தினேன். டயர் துண்டை எடுத்ததும் நான்தான்."

முதலாளி அறுந்த பெல்ட்டைக் கையில் வாங்கிப் புரட்டிப் பார்த்தார். பிறகு, "சாவியைப் பையில போடுடா" என்றார். என்னைப் பற்றி இன்னும் ஒன்றும் சொல்லவில்லை.

நாளைக் காலை போனக்காட்டு மலைக்கு ஒரு ஜெனரேட்டர் போகிறது. வழியெல்லாம் வளைவு. முதல் பெல்ட்டை நான் கட்டட்டுமா என்று கெட்டியண்ணனிடம் கேட்டேன். "கெட்டு" என்றார். அந்த பெல்ட்டுக்கு நேர் முன்னால் உட்கார்ந்து ஓட்டப் போவது அவர்தான்.