சுற்றுக்கு ஒரு கண்ணி கூடுதல்

நாலு வீடு சேர்ந்து இருக்கும் எந்த ஊரிலும் ஒரு வீட்டில் 'தெரியும்' என்கிறவர் ஒருவர் இருப்பார். அவரை அறிவாளி என்று எண்ணி ஏமாந்துவிடாதீர்கள். அறிவாளி, நீங்கள் சொல்வதைக் கேட்டு முடித்துவிட்டு 'தெரியும்' என்பார். இவர் நீங்கள் சொல்லத் தொடங்கும்போதே முடித்துவிடுவார். பசறைக்கு வழி கேட்பார். "பாலத்தைத் தாண்டினதும்" என்று நீங்கள் வாயெடுப்பதற்குள் "தெரியும், தெரியும்" என்று குடையை விரித்துக்கொண்டு கிளம்பி, உச்சி வெயிலில் வெலிமடை ரோட்டில் வியர்த்து வழிந்து நிற்பார். "இது பசறை ரோடு இல்லையே" என்று அங்கே யாராவது சொன்னால் என்ன பதில் வரும்? அதே பதில்தான்.

ரயில் பதுளைக்கு வராமல் பண்டாரவளையோடு நின்றுகொண்டிருந்த அந்தக் காலத்தில், பதுளைக் கடைவீதியில் இந்த இனத்துக்கு நிகரில்லாத பிரதிநிதி, துணிக்கடை சிதம்பரநாதன் பிள்ளையின் மனைவி ராமாமிர்தம் அம்மாள். அவருக்குத் தெரியாதது எதுவும் இல்லை. தொடங்கி முடித்ததும் எதுவும் இல்லை. தலையணை உறையில் தையல் போட்ட கிளிக்கு வால் மட்டும் நாலு வருஷமாக வந்துகொண்டிருந்தது. ஆர்மோனியம் முதல் மூன்று ஸ்வரங்களோடு பரணுக்குப் போய்விட்டது. ஆசிரியர் நாலாவது ஸ்வரத்துக்கு வருவதற்குள் அம்மாள் 'தெரியும்' என்று சொல்லியிருந்தார்.

இப்படி நிம்மதியாகப் போய்க்கொண்டிருந்த வாழ்க்கையில் பூவம்மா வந்து கல்லைப் போட்டாள். பூவம்மா, பிள்ளையவர்களின் தங்கை, பண்டாரவளையில் வாழ்க்கைப்பட்டவள். அவளுடைய தலைச்சன் பிள்ளைக்குப் பதினோராவது மாதம் மொட்டை போட்டுக் காது குத்துவதென்றும், தாய்மாமன் மடி வேண்டுமாகையால் அதைப் பதுளையிலேயே வைத்துக்கொள்வதென்றும் முடிவாகியிருந்தது. மழித்த தலைக்குக் குளிர் ஆகாதே. சீர்த்தட்டில் வைக்கக் கடையிலிருந்து ஒரு குல்லா எடுத்து வருவதாகப் பிள்ளை சொன்னார்.

"கடைக் குல்லா என்னத்துக்கு? நானே கம்பளி நூல்ல பின்னிடுறேன்" என்றார் அம்மாள்.

பூவம்மா குழந்தைக்குப் பால் கொடுத்தபடி, நிமிர்ந்துகூடப் பார்க்காமல் கேட்டாள்: "ஏன் அண்ணி, நீங்க தொடங்கினது எது முடிஞ்சிருக்கு, இது முடிய?"

அம்மாளுக்கு முகம் சிவந்துவிட்டது. அவள் சொன்னதில் பொய் இல்லை, அதுதான் வலித்தது. உயிரே போனாலும் இந்தக் குல்லாவை முடித்து, ஊர் பார்க்க, அந்தக் குழந்தையின் தலையில் வைத்தே தீருவது என்று மனசுக்குள் சத்தியம் செய்துகொண்டார்.

அடுத்த வீட்டு ஸவாஹிரா, தையற்கடை ஸஹாப்தீனின் மனைவி. கொக்கி ஊசியும் நூலும் கொண்டு, பள்ளிவாசலுக்குப் போகிறவர்களில் பாதிப் பேருக்குத் தொப்பி பின்னிக் கொடுத்த கை அவளுடையது. மறுநாளே அம்மாள் அவள் எதிரில் போய் உட்கார்ந்தார்.

"முதல்ல சங்கிலி போடணும் அக்கா. நூலை இப்படி வளைச்சு..."

"தெரியும்."

"அதை வளையமாச் சேர்த்து, கொக்கியால ஆறு கண்ணி இழுக்கணும். அடுத்த சுத்துல பன்னெண்டு, அப்புறம் பதினெட்டு. சுத்துக்கு ஆறாக் கூட்டிக்கிட்டே போய், அறுபது வந்ததும்..."

"தெரியும், தெரியும். பொறகு காது வரைக்கும் இறக்க வேண்டியதுதானே. பூ எப்படிப் போடுறது, அதைச் சொல்லு."

ஸவாஹிரா அறுபதை அப்படியே விட்டாள். பூவைச் சொல்லிக் கொடுத்தாள்.

எனவே தொப்பிக்கு முன்னால் பூக்கள் பிறந்தன. சிவப்பில் இரண்டு, மஞ்சளில் இரண்டு, நடுவில் வைக்க ஊதாவில் ஒன்று. பிறகு உச்சிக்கு ஒரு குஞ்சம். பிறகு, விளிம்பில் சிப்பி சிப்பியாக வளைவு வருமே, அதற்கு வெள்ளை நூல் தனியாக எடுத்து வைக்கப்பட்டது. அலங்காரம் எல்லாம் தயார். அதைத் தாங்க ஒரு தொப்பிதான் பாக்கி.

அதையும் அம்மாள் தொடங்கினார். தொடங்கினவருக்கு முதல் சுற்றிலேயே ஒரு தயக்கம். மங்கல காரியத்துக்குப் போகிற பொருளில் ஆறு, பன்னிரண்டு, அறுபது என்று இரட்டைப்படையில் கொண்டுபோய் நிறுத்துவதா? மொய் எழுதினால்கூட நூற்றொன்று, ஐம்பத்தொன்று என்றுதானே எழுதுகிறோம். ஒன்று சேர்த்து வைத்தால்தான் வளரும். பாவம், ஸவாஹிராவுக்கு நம் முறை எங்கே தெரியப்போகிறது? அம்மாள் பெருந்தன்மையோடு சுற்றுக்கு ஒரு கண்ணி கூடுதலாகப் போட்டார்.

வளர்ந்தது. அறுபது வர வேண்டிய பத்தாம் சுற்றில் எழுபது கண்ணி நின்றது. அதற்குமேல் நேராக இறங்க வேண்டிய இடத்திலும் அம்மாள் முறையை விடவில்லை. சுற்றுக்கு ஒன்று, வளர்ச்சிக்காக. முப்பது சுற்று இறங்கியபோது விளிம்பில் நூறு. ஒருநாள் சாப்பிட வந்த பிள்ளை அதைக் கையில் வாங்கி இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார்.

"இது யாருக்கு?" என்று கேட்டார்.

"கம்பளி துவைச்சா சுருங்கும்ங்க. எனக்குத் தெரியும்" என்றார் அம்மாள்.

பிள்ளை இருபது வருஷம் குடும்பம் நடத்தியவர். சோற்றைப் பிசைந்தார்.

காது குத்து நாள் வந்தது. குழந்தையைத் தாய்மாமன் மடியில் வைத்து, மழித்த தலைக்குச் சந்தனம் பூசி, ஆசாரி இரண்டு காதையும் குத்தி முடித்தபோது அது போட்ட கூச்சல் தெருக்கோடிக்குக் கேட்டது. அம்மாள் சீர்த்தட்டோடு முன்னால் வந்தார். பட்டுத்துணி, வாழைச்சீப்பு, வெள்ளி அரைஞாண், எல்லாவற்றுக்கும் மேலே ஐந்து பூவும் குஞ்சமும் சிப்பி விளிம்பும் கொண்ட தொப்பி. எத்தனை வருஷத்துக்குப் பிறகு அவர் கையால் ஒன்று முடிந்திருக்கிறது. அதை எடுத்துக் குழந்தையின் தலையில் வைத்தார்.

தொப்பி காதைத் தாண்டிற்று. மூக்கைத் தாண்டிற்று. தோளில் வந்து சாவகாசமாக உட்கார்ந்தது. உள்ளேயிருந்து அழுகை, குடத்துக்குள்ளிருந்து வருவதுபோல் கொஞ்ச நேரம் கேட்டது. பிறகு அதுவும் நின்றது. முதலில் சிரித்தவர் ஆசாரி.

பூவம்மா சிரிக்கவில்லை. விளிம்பைத் தூக்கி உள்ளே குழந்தை இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, "நான் சொன்னது தப்பு அண்ணி. முடிச்சிட்டீங்க" என்றாள்.

"வளர்ற புள்ளைக்கு யாராவது அளவாப் பின்னுவாங்களா? தெரிஞ்சுதான் பெருசாப் போட்டேன்" என்றார் அம்மாள். சொல்லும்போதே அவருக்குக் கண் எரிந்தது.

வாசலோரம் நின்ற ஸவாஹிரா, முந்தானையிலிருந்து வெள்ளைத் தொப்பி ஒன்றை எடுத்தாள். சின்னது, பூ இல்லை, குஞ்சம் இல்லை. அது சந்தனத் தலையில் அப்படியே பொருந்தி நின்றது. பூவம்மா பெரிய தொப்பியிலிருந்து ஊதாப் பூவைப் பிரித்து அதன் மேல் செருகினாள். "இது மட்டும் அண்ணி பூவா இருக்கட்டும்." கேலி செய்திருந்தால்கூட அம்மாள் தாங்கியிருப்பார்; இந்த இரக்கத்தைத்தான் தாங்க முடியவில்லை.

மறுவாரம் தொப்பியை முழுதும் பிரித்து, நூலை உருண்டையாகச் சுற்றி எடுத்துக்கொண்டு அம்மாள் பக்கத்து வீட்டுக்குப் போனார். போகும்போதே, 'எனக்குத் தெரியாது, சொல்லிக் குடு' என்பதை நாலைந்து தரம் வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டார். கசப்பு மருந்துதான். ஆனால் விழுங்கிவிடலாம் போலத்தான் இருந்தது.

நூல் உருண்டையைப் பார்த்ததும் ஸவாஹிரா புரிந்துகொண்டாள். ஊசியை எடுத்துக் கொடுத்தாள்.

"அறுபது வந்ததும் அக்கா..." என்று தொடங்கினவள், பழக்கதோஷத்தால் அங்கே ஒரு இடைவெளி விட்டாள்.

அந்த இடைவெளிதான் வினையாகிவிட்டது. அம்மாள் பல்லைக் கடித்தார். நாக்கை மடித்தார். எவ்வளவு நேரம் தாங்க முடியும்?

"தெரியும்" என்றார்.

ஸவாஹிரா தலையை ஆட்டிவிட்டுத் தேத்தண்ணி போட எழுந்து போனாள்.

அதன் பிறகு ராமாமிர்தம் அம்மாள் கடைவீதிப் பெண்கள் நாலு பேருக்குத் தொப்பி பின்னக் கற்றுக்கொடுத்தார். பூவிலிருந்து தொடங்கினார்கள்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். அறுபதுக்குமேல் கண்ணி கூட்டக் கூடாது, இவ்வளவுதானே விஷயம், அம்மாள் அந்த முதல் கண்ணியைக் கூடுதலாகப் போட்டபோதே எங்களுக்குத் தெரியும் என்கிறீர்கள். கூட்டாமல் இருப்பது பாதிதான். ஸவாஹிராவின் 'அறுபது வந்ததும்' வாக்கியத்தில் அதற்கு அப்புறமும் ஒன்று உண்டு. அது இல்லாமல் தொப்பி தலையில் நிற்காது. அதைச் சொல்லத்தான் வாயெடுத்தேன். நீங்கள்தான் 'தெரியும்' என்றுவிட்டீர்களே.